நாட்பட்ட சோர்வு நோய்: மும்பையில் குறைந்த செலவில் வைத்தியம் பார்ப்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 34. மும்பை அண்டாப் ஹில்லில் குடியிருக்கிறோம். போன ஆண்டு மழைக்காலத்தில் டெங்கு வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிட்டது. சோர்வு மட்டும் பதினோரு மாதமாக விடவில்லை. ஒரு நாள் துணி துவைத்தால் அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடிவதில்லை. எவ்வளவு தூங்கினாலும் தூங்கின மாதிரியே இல்லை. நின்றால் படபடப்பு. குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்பதே மறந்துபோகிறது. மூன்று தனியார் டாக்டர்களிடம் 70,000 ரூபாய் வரை செலவாகிவிட்டது. ‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல், டென்ஷன்தான்’ என்றார்கள். கடைசியாகப் பார்த்தவர், ‘க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்’ என்று சொல்லி, வாரம் ஒரு வைட்டமின் டிரிப் வீதம் பத்து போட வேண்டும் என்கிறார். ஒன்று 3,500 ரூபாய். கணவருக்குக் கம்பெனியில் சம்பளம் 19,500. தினமும் ஃபைவ் கார்டனில் நடந்தால் உடம்பு தேறும் என்கிறார் கொழுந்தன். ஊருக்குப் போய் ஆறு மாதம் இரு என்கிறார் மாமியார். நாங்கள் எங்கே போவது? — எஸ்., அண்டாப் ஹில்

பதில்:

முதலில் அந்த டிரிப். பத்துக்கு 35,000 ரூபாய். வைட்டமின் டிரிப் இந்த நோயைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. போட்ட அன்று தெம்பு வந்தது போலிருந்தால் அந்தப் புண்ணியம் வைட்டமினைக் கலந்து ஏற்றிய சலைனுக்கே சேரும். நின்றால் படபடப்பவர்களுக்கு ரத்தக்குழாயில் நீரும் உப்பும் கொஞ்சம் கூடினாலே சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள், தலை தெளியும். அதே நீரையும் உப்பையும் வாய்வழியே தினமும் கொடுக்கலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். இந்த 35,000 ரூபாயைக் கையிலேயே வைத்திருங்கள்.

இந்த நோயில் இரண்டு விதச் செலவு உண்டு. ஒன்று பணம், இன்னொன்று உங்கள் உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பு. மாநகராட்சி மருத்துவமனைகளில் முதல் செலவு மிகக் குறைவு, இரண்டாவது ஏகப்பட்டது. கேஸ் பேப்பர் என்ற பதிவுச் சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒன்று, மருந்து வாங்க ஒன்று. நான்கு மணி நேரம் நின்று இலவச வைத்தியம் வாங்கிவந்து, அதனாலேயே நான்கு நாள் படுத்துவிட்டால் அதில் என்ன லாபம்? அதனால் எங்கே போவது, எப்படிப் போவது இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீங்கள் எழுதாத ஒரு விஷயத்திலிருந்து தொடங்கலாம். கணவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இ.எஸ்.ஐ. என்று மாதம் நூற்றைம்பது ரூபாய்க்குள் ஒரு பிடித்தம் இருக்கிறதா? மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளக்காரர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம் அது, தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். பிடித்தம் இருந்தால் மனைவி என்ற முறையில் உங்களுக்கும் வைத்தியம் உண்டு. உள்நோயாளியாகப் படுத்தால்தான் என்றில்லை, ஓ.பி.டி. என்ற வெளிநோயாளி வைத்தியம், பரிசோதனை, மருந்து எல்லாமே அதில் அடங்கும். பலர் வருடக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டே, குடும்பத்தின் பெயரைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். கணவர் தன் நிறுவனத்தின் எச்.ஆரிடம் சொல்லி, உங்கள் ஆதாரையும் போட்டோவையும் கொடுத்து, இ-பெஹ்சான் என்ற இ.எஸ்.ஐ. அடையாள அட்டையில் உங்கள் பெயரை ஏற்றி, வீட்டுக்கு அருகிலுள்ள டிஸ்பென்சரியைக் குறிக்கச் சொல்ல வேண்டும். அங்கிருந்து கடிதம் வாங்கித்தான் முலுண்ட், காந்திவலி போன்ற இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளுக்குப் போக முடியும். நேராகப் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ரேஷன் கார்டை வைத்துக் கிடைக்கும் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கிய யோஜனாவும் ஆயுஷ்மான் கார்டும் இதற்குப் பெரிதாக உதவாது. இரண்டும் மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைகளுக்கானவை. தனியார் இன்ஷூரன்ஸ் இருந்தாலும், ‘அட்மிட் ஆகி எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள், கிளெய்ம் பண்ணிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரிசோதனைக்காக மட்டும் சேர்வதும் ஓய்வுக்காக மட்டும் சேர்வதும் பாலிசிகளில் கோட் 04, கோட் 05 என்ற எண்களில் விலக்கி வைக்கப்பட்டவை. அட்மிட் ஆன பிறகு மறுத்தால் பில் உங்கள் தலையில்தான் விழும்.

இ.எஸ்.ஐ. இல்லையென்றால் உங்களுக்கு மிக அருகில் சயான் மருத்துவமனை, அதாவது லோக்மான்ய திலக் மருத்துவமனை. அதை விட்டால் பரேல் கே.இ.எம். எங்கு போனாலும் பொது மருத்துவப் பிரிவுக்கே போங்கள். நரம்புக்கு ஒருவர், ஹார்மோனுக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர் என்று நீங்களாக அலைந்தால் ஒவ்வொருவரும் தன் உறுப்பு நார்மல் என்று எழுதி அனுப்புவார். முழு ஆளைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இனி நோய்க்கு வருவோம். இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. அமெரிக்காவில் 2015-இல் வகுத்த அளவுகோலைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேலான, வாழ்க்கையையே முடக்கும் புதிய சோர்வு; சிறிது உழைத்தாலும் பின்னால் வரும் சரிவு; தூங்கியும் தெளியாமை. இந்த மூன்றும் கட்டாயம். இவற்றோடு மூளை மந்தமாவது, நின்றால் மோசமாவது, இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் ஐந்துமே இருக்கின்றன. துணி துவைத்த மறுநாள் படுத்துவிடுவது அதில் முக்கியமான அடையாளம். சரிவு உடனே வராது. சில மணி நேரம் கழித்தோ, ஒன்றிரண்டு நாள் கழித்தோ வரும். அதனால்தான் எதனால் வந்தது என்று வீட்டில் யாருக்கும் பிடிபடுவதில்லை.

ஆனாலும் பெயர் சூட்டுவதற்கு முன், தீர்க்கக்கூடிய வேறு காரணங்கள் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். ‘எல்லாம் நார்மல்’ என்றார்களே, எதெல்லாம் பார்த்தார்கள்? பழைய ரிப்போர்ட்டுகளைப் பரப்பி வைத்து இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: சி.பி.சி. (ரத்த அணுக்கள்), இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (இரண்டும் அழற்சிக்கு), டி.எஸ்.எச். (தைராய்டு), எச்.பி.ஏ.1.சி. (சர்க்கரை), சிறுநீரகம், கல்லீரல், சோடியம், பொட்டாசியம், கால்சியம், ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, சி.பி.கே. (தசை), எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. இருப்பதை மறுபடி எடுக்க வேண்டாம், விடுபட்டதை மட்டும் எடுங்கள். ஆப்லா தவாகானா என்ற மாநகராட்சியின் சிறு கிளினிக்குகளில் பல ரத்தப் பரிசோதனைகள் இலவசம். பெரிய மருத்துவமனையைவிட அங்கே கூட்டமும் குறைவு. வைரஸ் கிருமிகளைத் தேடும் விலை உயர்ந்த ‘ஃபட்டீக் பேனல்’, ‘ஃபுட் இன்டாலரன்ஸ்’ பேனல், தலைமுடிப் பரிசோதனை எதற்கும் ஒரு பைசா தர வேண்டாம்.

இவற்றில் வழக்கமாகக் கோட்டை விடும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஹீமோகுளோபின் 12 இருந்தால் இரும்புச்சத்து சரி என்று விட்டுவிடுவார்கள். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி என்று பொருள். மாதவிடாய் அதிகம் போகும் பெண்களுக்கு அதுவே பாதிச் சோர்வுக்குக் காரணமாகலாம். இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தாலும் நன்றாகவே உடம்பில் சேரும், வயிறும் அவ்வளவாகக் கெடாது. ஆனால் காபி, டீக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பி12 ஊசி போட்ட பிறகு பி12 அளவைப் பார்த்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வைட்டமின் டி குறைவென்று வாரம் ஒரு 60,000 யூனிட் சாஷே எழுதியிருந்தால் அது பெரும்பாலும் எட்டு வாரத்துக்குத்தான். சீட்டைப் பார்க்காமல் வருடம் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. கால்சியம் ஏறினால் அதுவே சோர்வைக் கொண்டுவரும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரிப்போர்ட் பொய் சொல்லும்.

எடை குறைவது, மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு எதற்கும் காத்திருக்காமல் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெருக்கமான குடியிருப்புகள் உள்ள உங்கள் பகுதியில் அதை மறந்துவிடக் கூடாது. பரிசோதனை, மருந்து இரண்டும் அரசு மையங்களில் இலவசம். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சு வாங்குவது இருந்தால் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். சத்தமாகக் குறட்டை விடுகிறீர்கள் என்று கணவர் சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்; தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலும் காலையில் தெளிவிருக்காது.

வீட்டிலேயே, செலவில்லாமல், ஒரு சோதனை செய்யலாம். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் உங்களிடமோ பக்கத்து வீட்டிலோ கிடக்கும். பேட்டரி மாற்றுங்கள், நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். காலையில் பத்து நிமிடம் அசையாமல் படுத்திருந்து நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, சுவரிலிருந்து குதிகால் அரை அடி தள்ளியிருக்கும்படி நின்று, முதுகின் மேல்பகுதியை மட்டும் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். பேசாமல், காலை ஆட்டாமல் பத்து நிமிடம். கணவர் பக்கத்திலேயே நின்று நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணை எழுத வேண்டும்; ரத்த அழுத்தக் கருவி கிடைத்தால் அதையும் சேர்த்து எழுதலாம். கண் இருண்டால் உடனே படுத்துவிடுங்கள். படுத்திருந்ததைவிடத் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடி, அழுத்தம் விழாமல் நின்றால் பாட்ஸ் (POTS) என்ற, நின்றால் இதயம் வேகமாகத் துடிக்கும் கோளாறாக இருக்கலாம். மேல் அழுத்தம் 20 புள்ளி விழுந்தால் அது வேறு வகை. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ‘டென்ஷன்’ என்று தள்ளிவிடுவது அவ்வளவு சுலபமில்லை. ஒரே முறை போதாது, இரண்டு காலை செய்யுங்கள். ஆனால் அடுத்தடுத்த நாள் வேண்டாம்.

மருத்துவமனைக்குப் போகும் முன் ஒரு பக்கத்தில், ஆங்கிலத்திலோ இந்தியிலோ, எழுதிக்கொள்ளுங்கள். டெங்கு வந்த மாதம், அதற்கு முன் என்னென்ன வேலை செய்தீர்கள், இப்போது எவ்வளவு முடிகிறது, எதைச் செய்தால் எத்தனை நாள் படுக்கிறீர்கள், என்ன மருந்து சாப்பிட்டீர்கள். அதன் பின்னால் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக வையுங்கள். ‘வீக்னெஸ்’ என்று மட்டும் சொன்னால் பி-காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். ‘காம் கர்னே கே தூஸ்ரே தின் தபியத் ஔர் பிகட் ஜாதீ ஹை, தோ தீன் தின் உட் நஹீ பாதீ’ (வேலை செய்த மறுநாள் உடம்பு இன்னும் மோசமாகிறது, இரண்டு மூன்று நாள் எழுந்திருக்க முடிவதில்லை) என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சயானிலும் கே.இ.எம்.மிலும் பொது மருத்துவம் யூனிட் யூனிட்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓ.பி.டி. நாள் உண்டு. முதல் முறை எந்த யூனிட் என்று பேப்பரில் பார்த்துக்கொண்டு, அடுத்த முறையும் அதே கிழமையில் போங்கள். உங்களைப் பார்க்கும் ஜூனியர் டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். யூனிட் மாறாமல் இருந்தால் மேலே இருப்பவருக்காவது உங்களைத் தெரியும். திங்கட்கிழமையும் பண்டிகைக்கு மறுநாளும் கூட்டம் தாங்காது. கணவரோ கொழுந்தனோ அதிகாலையில் போய்ப் பேப்பர் வரிசையில் நிற்கட்டும். முறை நெருங்கும்போது நீங்கள் டாக்ஸியில் போங்கள். மிச்சமான டிரிப் காசில் எத்தனை டாக்ஸி பிடிக்கலாம் என்று கணக்குப் பாருங்கள். மடக்கு ஸ்டூல் ஒன்று எடுத்துப் போங்கள், உள்ளே தூரம் அதிகமென்றால் வீல்சேர் கேளுங்கள். நடக்கத் தெரிந்தவளுக்கு வீல்சேரா என்று யாராவது பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். போவதற்கு முந்தைய நாளும் பிந்தைய இரண்டு நாளும் வீட்டில் வேறு எந்த வேலையும் வேண்டாம். வெளியே போகவே முடியாத வாரத்தில், மருந்தைத் தொடர்வது போன்ற சின்ன விஷயங்களுக்கு அரசின் இ-சஞ்சீவனியில் போன் வழியே இலவசமாக டாக்டரைப் பார்க்கலாம்.

டாக்டர் ஒப்புக்கொண்டால் பேப்பரில் நோயின் பெயரோடு ஐ.சி.டி. எண் ஜி93.3 என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். அது உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் நரம்பு மண்டல நோய்களின் கீழ் வருவது. பின்னால் வேறு டாக்டரிடம் போனாலும் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

கொழுந்தனிடம் நல்லபடியாகவே சொல்லுங்கள்: ஃபைவ் கார்டன் இப்போது வேண்டாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டும் முறையை முன்பு டாக்டர்களே பரிந்துரைத்தார்கள். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் தன் வழிகாட்டியை மாற்றி, இந்த நோய்க்கு அந்த முறையைத் தரக் கூடாது என்று எழுதிவிட்டது. அதற்குப் பதில் சொல்லப்படுவது தெம்புக்குள் வாழ்வது, பேஸிங். குணமாக்கும் மாத்திரையே இல்லாத இந்த நோயில் இருப்பதிலேயே பலனுள்ள வைத்தியம் இதுதான், காசும் கிடையாது. ஆனால் வீட்டில் மற்றவர்கள் ஒத்துழைக்காமல் நடக்காது.

சம்பளத்தை மாதம் முழுக்கப் பரப்புவது போலத் தெம்பைப் பரப்ப வேண்டும். இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்: என்ன செய்தேன், மறுநாள் எப்படி இருந்தது. மறுநாள் படுக்காமல் இருந்த நாட்களில் எவ்வளவு செய்தீர்களோ அதுதான் உங்கள் எல்லை. அதிலும் கால் பங்கைக் குறைத்து அதற்குள் நில்லுங்கள். கொஞ்சம் நன்றாக இருக்கும் நாளில் விட்ட வேலையையெல்லாம் சேர்த்துச் செய்வதுதான் எல்லோரும் தவறும் இடம். மூன்றாம் நாள் சரிவு வரும், எல்லை இன்னும் சுருங்கும். துடிப்பையும் அளவாக வைத்துக்கொள்ளலாம். காலையில் படுத்திருக்கும்போது உள்ள துடிப்போடு 15 கூட்டுங்கள். அதைத் தாண்டினால் உட்காருங்கள், இறங்காவிட்டால் படுங்கள். உங்களுக்கு 78 என்றால் 93. இது தோராயமான கணக்குதான், ஆனால் மனம் ‘முடியும்’ என்று ஏமாற்றும் நேரத்தில் எண் ஏமாற்றாது. பாட்ஸ் இருந்தால் நின்றவுடனேயே இந்த எண்ணைத் தாண்டிவிடும். அப்போது முதலில் நிற்பதைக் குறைக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அது எப்படி இருக்கும்? குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் நின்று குடம் பிடிப்பதும் டிரம் நிரப்புவதும் இனி கணவர் வேலை. காய் நறுக்குவது, மாவு பிசைவது, குளிப்பது எல்லாம் உட்கார்ந்து. அடுப்பு மேடைக்கு ஏற்ற உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்தால் ரத்தக்குழாய் விரிந்து படபடப்பு கூடும், வெதுவெதுப்பு போதும். துணியைப் பிழிவதுதான் உங்களுக்கு அதிகம் ஆகாது. அதற்கு மாதச் சம்பளத்துக்கு வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணை வைத்தாலும் அந்த டிரிப்பைவிட மலிவு. பதினைந்து நிமிட வேலை, பதினைந்து நிமிடம் படுக்கை. படுக்கையில் போனைப் பார்த்தால் அது ஓய்வு இல்லை.

நின்றால் படபடப்பதற்குத் தினமும் இரண்டு முதல் இரண்டரை லிட்டர் நீர், அதில் ஒரு பங்கு ஓ.ஆர்.எஸ். ஆக இருக்கட்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு நீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். அரைப் பாக்கெட், ஒரு டம்ளர் என்று கண் மதிப்பில் கரைப்பது தப்பு. டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. உப்பு மோரும் கஞ்சியும் நல்லதுதான். ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. இடுப்பு வரை இறுக்கும் காலுறை உதவும் என்பார்கள். மும்பைப் புழுக்கத்தில் யாராலும் போட முடியாது, வயிற்றில் கட்டும் பெல்ட்டை வேலை நேரத்தில் மட்டும் கட்டிப் பாருங்கள். இதற்கும் அடங்காவிட்டால் ப்ரொப்ரனலால், ஐவாப்ரடின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் என்று மருந்துகள் இருக்கின்றன. ஆஸ்துமா இருந்தால் முதலாவது கூடாது. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் ஐவாப்ரடின் கூடாது. டாக்டர் எழுதாமல் எதையும் வாங்காதீர்கள்.

தூக்கத்துக்கும் உடம்பு வலிக்கும் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதக்கூடும். அது மனநோய் மாத்திரை என்று மெடிக்கல் கடைக்காரர் சொன்னால் பதற வேண்டாம், இந்தக் குறைந்த அளவில் வலிக்கும் தூக்கத்துக்கும்தான் தருகிறார்கள். இந்த நோய்க்காரர்களுக்கு எந்த மருந்தும் கொஞ்சத்திலேயே தூக்கிப்போடும். பாதி மாத்திரையில் தொடங்கலாமா என்று கேளுங்கள். இரவு எட்டு மணிக்கே போட்டுக்கொண்டால் மறுநாள் காலை மயக்கம் குறையும். பிராண்டு பெயர் இல்லாமல் மருந்தின் பெயரை எழுதச் சொல்லி ஜன் ஔஷதி கடையில் வாங்கினால் விலை பாதிக்கும் கீழே வரும். குறைந்த அளவு நால்ட்ரெக்ஸோன் பற்றி யாராவது சொல்வார்கள். ஆதாரம் இன்னும் போதாது, நம் கடைகளில் கிடைப்பது 50 மில்லிகிராம் மாத்திரை, தேவைப்படுவதோ ஐந்துக்கும் கீழ். வீட்டில் உடைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை.

இதெல்லாம் மனதால்தான் என்று கேட்டுக் கேட்டு உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். மனச்சோர்வில் பெரும்பாலும் எதையும் செய்ய ஆசை வராது. உங்களுக்கு ஆசை இருக்கிறது, செய்தால் உடம்பு விழுகிறது. ஆனால் பதினோரு மாதம் படுத்தவருக்கு மனச்சோர்வும் கூடவே வரலாம், அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும். டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணம் வந்தால் அன்றே போன் செய்யுங்கள்.

எத்தனை நாளில் குணமாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பெரியவர்களில் பழையபடி முழுதாகத் தேறுகிறவர்கள் குறைவு. எல்லைக்குள் நின்றவர்கள் மெல்ல மெல்ல அந்த எல்லையை விரித்துக்கொள்வது உண்டு. மாதக் கணக்கில் பாருங்கள், நாள் கணக்கில் பார்க்காதீர்கள்.

ஊருக்குப் போவது பற்றி: மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அங்கே தண்ணீர் பிடிக்கவும் சமைக்கவும் ஆள் இருந்தால். அங்கேயும் போய் வருகிறவர்களுக்கு நீங்கள்தான் காபி போட வேண்டும் என்றால் போகாதீர்கள். ஒன்றரை நாள் ரயில் பயணமே ஒரு சரிவுக்குப் போதும். அதனால் முதலில் இங்கே பரிசோதனைகளை முடித்து, பேப்பரில் நோயின் பெயர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கீழ் பெர்த்தாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் இரண்டு மாத மருந்தும் கையில் இருக்கட்டும். இறங்கிய பிறகு ஒரு வாரம் கல்யாணம், கோவில், உறவு வீடு எதுவும் கிடையாது என்று ரயில் ஏறும் முன்பே போனில் சொல்லிவிடச் சொல்லுங்கள். அதை மாமியாரே சொன்னால் இன்னும் நல்லது.